அந்த 60 நாளும் இந்த 60 நாளும்

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. பசியாறிவிட்டு நாளிதழைப் பிரித்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. என் மனைவியின் அக்காள் மகள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, தோளில் பை, பைக்குள் ஒரு கோப்பு. குழந்தையைச் சித்தியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சித்தப்பா, ராஜினாமா கடிதத்துல கையெழுத்து போட்டுட்டா அப்புறம் கேஸ் போட முடியாதாமே, உண்மையா?"

ஏப்ரல் 10ஆம் தேதி அவளுக்கு வேலை போயிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. கணவருக்கு மட்டும் தெரியும். ஐம்பது நாளாகக் காலையில் உடுத்திக்கொண்டு வெளியே கிளம்பி, குழந்தையின் மருத்துவப் பரிசோதனை, நேர்முகத் தேர்வு, தோழி வீடு என்று நாளை ஓட்டியிருக்கிறாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் அந்தக் கவலையும் வேண்டாம் என்று நினைத்தாளாம்.

நடந்தது இதுதான். துறைமுகத்தை ஒட்டிய ஒரு நிறுவனத்தில் கப்பல் சரக்குகளுக்கான ஆவணப் பிரிவில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பிரசவ விடுப்பு முடிந்து ஜனவரியில் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாமியார். அவருக்கோ செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் டயாலிசிஸ். ஆகவே செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு ஜனவரி 13ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினாள். எந்தெந்த வேலையை வீட்டிலிருந்து செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறாள். நான் படித்தேன், நன்றாகவே எழுதியிருந்தாள்.

பதில் வரவில்லை. பிப்ரவரியில் நினைவூட்டினாள். "பாக்குறோம்" என்றார்கள். மார்ச்சிலும் அதே "பாக்குறோம்". அந்த இரண்டு நாள்களில் விடுப்பு எடுத்தும், அம்மாவை வரவழைத்தும், சில நாள் தாமதமாகப் போயும் சமாளித்தாள். ஏப்ரல் 10 மாலை ஐந்து மணிக்கு ஓர் அறைக்கு அழைத்தார்கள். வேலையின் தரம் குறைந்துவிட்டது என்றார்கள். தயாராக அச்சடித்து வைத்திருந்த ராஜினாமா கடிதத்தை நீட்டி, "நீங்களே விலகிட்டா உங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்றார்கள். ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாதுகாவலர் லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தாராம்.

"பணத்துக்காக கேக்கல சித்தப்பா. முடியாதுன்னாவது ஒரு வரி பதில் போட்டிருக்கலாம்ல. நாலு வருஷம் வேலை பாத்தவளை செக்யூரிட்டி வந்து லிஃப்டுல ஏத்தி விடுறான்."

நான் வழக்கறிஞன் இல்லை. வங்கி வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். அதில் பத்து ஆண்டுகள் தொழிற்சங்கக் கிளைப் பொறுப்பு. அந்த அனுபவத்தில் முதலில் நாள்காட்டியைத்தான் எடுத்தேன். ஏப்ரல் 10லிருந்து எண்ணினால் அன்றைக்கு 51 நாள் ஆகியிருந்தது.

இந்தக் கதையில் இரண்டு 60 நாள்கள் இருக்கின்றன. முதலாவது முதலாளிக்கு உரியது. 1955 வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. வாரத்திற்கு 45 மணி நேர வேலை, 98 நாள் பிரசவ விடுப்பு, தந்தைக்கு 7 நாள் விடுப்பு ஆகியவை எல்லாரும் பேசிய மாற்றங்கள். பேசப்படாத ஒன்று நெகிழ்வான வேலை ஏற்பாடு. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும்.

கவனியுங்கள், அனுமதி கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மறுத்தால் மேல்முறையீடு செய்யவும் அந்தப் பகுதியில் வழி வைக்கவில்லை. "அப்படின்னா என்ன பிரயோஜனம்?" என்று சங்கக்காரர்கள் பலர் அப்போதே கேட்டார்கள். நானும் கேட்டவன்தான். இந்த யோசனை நம் நாட்டில் பிறந்ததல்ல. பிரிட்டனில் 2003லேயே சிறு குழந்தைகள் உள்ள பெற்றோருக்கு இப்படிக் கேட்கும் உரிமையைக் கொடுத்து, 2014இல் அதை எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரித்தார்கள். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் இதற்கு முத்தரப்பு வழிகாட்டி இருக்கிறது. அங்கேயும் பதிலுக்கு இரண்டு மாதம்தான் கெடு. ஒப்புக்கொள் என்று எங்கேயும் கட்டளையிடவில்லை, பதில் சொல் என்றுதான் கட்டளை.

இந்தச் சின்னக் கட்டளை எவ்வளவு பெரியது என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகு படித்த சில ஆய்வுகளால்தான் புரிந்தது.

ஜெரல்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஓர் உற்பத்தி நிறுவனத்திற்கு மூன்று ஆலைகள். ஒப்பந்தங்கள் கைநழுவியதால், ஆள்குறைப்புக்குப் பதிலாக இரண்டு ஆலைகளில் பத்து வாரத்திற்கு 15 விழுக்காடு சம்பளத்தைக் குறைத்தார்கள். மூன்றாவது ஆலையில் குறைக்கவில்லை. முதல் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து நின்றார். ஏன் குறைக்கிறோம், எத்தனை வாரம், வேறு வழி ஏன் இல்லை என்று கணக்கைக் காட்டி விளக்கினார், வருத்தம் தெரிவித்தார், கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். ஒன்றரை மணி நேரம். இரண்டாவது ஆலையில் கால் மணி நேரத்தில் அறிவிப்பைச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஆலையில் பொருள்கள் களவு போகும் கணக்கை கிரீன்பெர்க் எடுத்துப் பார்த்தார். சம்பளம் குறைந்த இரண்டு இடத்திலும் களவு கூடியிருந்தது. ஆனால் கால் மணி நேர ஆலையில் அது மிக அதிகம். வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். பழைய சம்பளம் திரும்பியதும் களவு குறைந்துவிட்டது. இரண்டு ஆலையிலும் வெட்டு ஒரே அளவு. கூடுதலாகச் செலவானது ஒன்றேகால் மணி நேரம். களவை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு கிளைக்கு மேலாளராக இருப்பவர் இந்த ஆய்வைப் படித்துவிட்டு, அடுத்த கசப்பான அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போடமாட்டார் என்று நினைக்கிறேன்.

பத்து ஆண்டு கழித்து, 2000இல், அதே கிரீன்பெர்க்கும் ஆலன் லிண்ட் என்பவரும் இன்னும் இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு என் அக்காள் மகளின் கதையோடு நேராக ஒட்டுகிறது. (மனைவியின் அக்காள் மகள் என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்கிறது. எங்கள் வீட்டில் அவளும் ஒரு மகள்தான்.) வேலையிலிருந்து நீக்கப்பட்ட 996 பேரைப் பேட்டி கண்டார்கள். யார் வழக்குப் போட நினைக்கிறார்கள், யார் விட்டுவிடுகிறார்கள், ஏன் என்பது கேள்வி. எவ்வளவு இழப்பீடு கிடைக்கும் என்ற கணக்குதான் வழக்குக்குக் காரணம் என்று நாம் நினைப்போம். நிறுவனங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. வழக்கு எண்ணத்தோடு மிக நெருக்கமாகப் பின்னியிருந்தது வேறொன்று. நீக்கப்பட்ட அன்று தன்னை எப்படி நடத்தினார்கள் என்ற உணர்வு. மரியாதையாகச் சொன்னார்களா, காரணம் சொன்னார்களா, அது நேர்மையான காரணமா.

வேலைச் சட்ட ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பேசிவந்த தொழிலாளி–முதலாளி ஒத்துழைப்பு என்பதற்கு எனக்குக் கிடைத்த தெளிவான பொருள் இதுதான். ஆண்டு விருந்தும் குழு விளையாட்டும் ஒத்துழைப்பு ஆகாது. ஒருவர் கேட்டால் மற்றவர் பதில் சொல்வது, அதுவும் முகம் பார்த்துச் சொல்வது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லும் நிறுவனங்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். ஆலன் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1966இலேயே இதை எழுதிவிட்டார். நிறுவனத்தை ஒரே நோக்கமுள்ள ஒரே அணியாகப் பார்ப்பவர்களுக்கு, எதிர்த்துக் கேட்பவர் குடும்பத்தைக் கெடுப்பவராகத்தான் தெரிவார். வேறு வேறு நலன் உள்ளவர்கள் சேர்ந்து இயங்கும் இடமாகப் பார்ப்பவர்களுக்கு, கேள்வி கேட்பது அன்றாட வேலையின் ஒரு பகுதி. அவளுடைய நிறுவனச் சுவரிலும் குடும்பம் என்ற வாசகம் இருந்ததாம்.

நிறுவனங்கள் ஏன் பதில் சொல்வதில்லை? என் சங்க அனுபவத்தில் கெட்ட எண்ணம் கொஞ்சம்தான். பெரும்பாலும் பயம். எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு அதுவே சாட்சியாகிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். நம் சட்டமும் அந்தப் பயத்திற்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்கும் முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது வேலைச் சட்டம். ஆனால் அந்த விசாரணையை நடத்தாமல் விட்டாலும், தொழிலியல் நீதிமன்றத்தில் முதலிலிருந்து சாட்சி காட்டிக் காரணத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. சட்ட நோக்கில் அதற்கு நியாயம் இருக்கலாம். தொழிலிடத்தில் அது போய்ச் சேர்ந்த விதம் வேறு. இப்போது கேட்காவிட்டால் பரவாயில்லை, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பல அதிகாரிகள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஓர் உள் விசாரணையில் நான் தொழிலாளி பக்கம் உட்கார்ந்தபோது, அதிகாரி ஒருவர் என்னிடமே அப்படிச் சொன்னார்.

இன்னொரு வாதமும் உண்டு. நம் பக்கத்து மக்கள் மேலிடத்திலிருந்து பதிலை எதிர்பார்ப்பதில்லை, அதனால் கிடைக்காவிட்டாலும் பெரிதாக நினைப்பதில்லை என்பது. இதற்கும் ஆய்வு இருக்கிறது. ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு அறிஞர், மேலிடத்திற்கும் கீழிடத்திற்கும் உள்ள இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நாடுகளை வரிசைப்படுத்தினார். அதில் மலேசியாவே முதலிடம். ஜோயல் ப்ராக்னரும் நண்பர்களும் 2001இல் செய்த ஆய்வில், கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காதபோது அமெரிக்கர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் நிறுவனத்தின் மேல் பற்று விட்டுப்போன அளவுக்கு, சீனா, ஹாங்காங், மெக்சிகோ மக்களுக்கு விட்டுப்போகவில்லை என்று கண்டார்கள்.

ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத்துக்காரன். காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த என் அப்பாவுக்கு 1941இல் பதினொரு வயது. அந்த ஆண்டு கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை மைக்கேல் ஸ்டென்சன் உட்பட வரலாற்று ஆய்வாளர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் என்பது கோரிக்கைகளில் ஒன்று. பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, குறை சொன்னவர்களைப் பழிவாங்காமல் இருப்பது, இவையும் இருந்தன. அதோடு இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது.

இறங்காமல் போகவேண்டும் என்பதற்காகவும் சேர்த்து அந்த மனிதர்கள் வேலையை நிறுத்தினார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். என் அப்பாவுக்குச் சம்பளக் கோரிக்கையின் தொகை நினைவில் இல்லை. சைக்கிள் விஷயத்தை மட்டும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தாவிடம் சைக்கிளே இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார். மேலிடத்து மரியாதைக் குறைவை நம் மக்கள் பெரிதாக நினைப்பதில்லை என்று சொல்பவர்கள், எந்த ஆண்டு எந்த ஊரில் கேட்டுப் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்லாததால் வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஐம்பது நாள் உடுத்திக்கொண்டு வெளியே போய் வந்தவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

சரி, இரண்டாவது 60 நாளுக்கு வருகிறேன். இது தொழிலாளிக்கு உரியது. 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி தொழிலியல் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிடலாம் என்கிறது. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். உடம்பு சரியில்லை, தெரியாது, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது என்ற எதுவும் எடுபடாது. இந்தக் கெடுவைத் தவறவிட்டு என்னிடம் வந்தவர்களை விரல்விட்டு எண்ணினால் இரண்டு கையும் போதாது. "மேனேஜர் திரும்பக் கூப்பிடுறேன்னு சொன்னாரு" என்று காத்திருந்தவர்கள்தான் அதில் பாதி.

முறையீடு வந்ததும் இலாகா இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்திற்குப் போகும். முன்பு அதை அனுப்புவதா வேண்டாமா என்று மனிதவள அமைச்சர் முடிவு செய்வார். 2021 ஜனவரி 1 முதல் அந்தத் தடை இல்லை, இலாகாவே அனுப்பிவிடும். அந்த நீதிமன்றம் சட்ட நுணுக்கங்களைவிட நியாயத்தையும் மனசாட்சியையும் வழக்கின் உண்மையான சாரத்தையும் பார்த்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அவள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில்: கையெழுத்துப் போட்டாலும் முறையிடலாம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவைப் பணிநீக்கமாகவே நீதிமன்றம் கருதும். ஆனால் கட்டாயம் இருந்தது என்பதை நிரூபிக்கும் சுமை அவளுடையது. கோப்பைப் பிரித்தோம். ஜனவரி மின்னஞ்சல் இருந்தது. இரண்டு நினைவூட்டல்கள் இருந்தன. ஏப்ரல் 10 இரவே தோழிக்கு நடந்ததை எழுதிய வாட்ஸ்அப் செய்தி இருந்தது. சென்ற ஆண்டு வேலை மதிப்பீட்டில் நல்ல புள்ளி இருந்தது. அறையில் அவர்கள் சொன்ன "தரம் குறைந்துவிட்டது" என்பதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. மனத்தாங்கலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இவள் ஆவணப் பிரிவில் வேலை செய்தவள், தாள் தாளாக வைத்திருந்தாள்.

அடுத்த வாரமே இலாகாவில் முறையீட்டைக் கொடுத்தாள். அதற்கு முந்தின இரவு மாமியாரிடமும் சித்தியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாமியார் ஒன்றும் பேசாமல் போய்த் தேநீர் கலந்து கொண்டுவந்து கொடுத்தாராம்.

சமரசக் கூட்டத்திற்கு நானும் கூடப் போனேன், வெளியே உட்கார்ந்திருக்கத்தான். அறைக்குள் பேசியதை எழுதுவது முறையல்ல. உள்ளே கூப்பிடும் முன், தாழ்வாரத்தில் நடந்ததை மட்டும் அவள் அனுமதியோடு எழுதுகிறேன். அவளுடைய பழைய மேலாளரும் அங்கே காத்திருந்தார். இரண்டு பேரும் சிறிது நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரே பக்கத்தில் வந்து, குழந்தையைப் பற்றி விசாரித்தார். அப்புறம் சொன்னார்: செவ்வாயும் வியாழனும்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரின் கப்பல் வரும் நாள், அசல் ஆவணங்களில் அலுவலகத்திலேயே முத்திரை போட வேண்டும், அவளை விட்டால் அதற்கு ஆள் இல்லை, அதனால்தான் அவளுடைய விண்ணப்பத்திற்கு என்ன பதில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். "டயாலிசிஸ் சென்டர்ல திங்கள், புதன், வெள்ளிக்கும் இடம் இருந்துச்சு. நாளை மாத்திக் கேட்டிருப்பேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், இருவரும் எழுந்து உள்ளே போனார்கள்.

முதல் கூட்டத்தில் எதுவும் முடிவாகவில்லை. அடுத்தது இன்னும் மூன்று வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.